பட்டாம்பூச்சிப் படை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒரு படை பிடித்து வைத்திருந்தது. முப்பது சிப்பாய்கள், ஒரு டாங்கி. ஒவ்வொரு சிப்பாயும் என் கட்டைவிரலின் மேற்கணு உயரம்தான் இருப்பான். ஆனாலும் தூரிகை, வண்ணக் குப்பி, விளக்கு, பூதக்கண்ணாடி என்று அவர்களின் சாமான்கள் மேசை முழுவதும் பரவிக் கிடந்ததால், நாங்கள் மூன்று பேரும் ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அப்பா சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியனாக இருந்தார். அங்கே கூட வேலை செய்த சீன நண்பர் ஒருவர்தான் இந்த விளையாட்டை அவருக்குப் பழக்கிவிட்டார். பெரிய மேசையில் அட்டை மலைகளையும் இடிந்த கட்டடங்களையும் அமைத்து, பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் அளந்து சண்டை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையின் மாடியில் இது நடக்கும். அப்பாவுக்குச் சண்டையைவிட வண்ணம் பூசுவதில்தான் ஆசை. குளியலறை பல்பை மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் அதே மனிதர், ஒரு சிப்பாயின் இடுப்பு வார்க் கொக்கிக்கு வெள்ளி நிறம் பூசுவதற்கு ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது நானாகக் கவனித்ததில்லை. அம்மா சொன்னது.

அம்மா பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மாவின் பியூட்டி பார்லரில் வேலை செய்தார். புருவம், கல்யாண மேக்கப் எல்லாம் உண்டு என்றாலும், நகத்துக்குத்தான் அம்மாவைத் தேடி வருவார்கள். சுண்டுவிரல் நகத்தில் ஒரு மயிலையே உட்கார வைத்துவிடுவார்.

அந்த மாதம் அம்மாவும் அப்பாவும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் என் வழியாகப் போய் வந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, மீன் கொழம்பு அடுப்புல இருக்குன்னு."

"அம்மாகிட்ட சொல்லு, பாத்துட்டேன்னு."

இருவருக்கும் நடுவில் நாலு அடி தூரம்கூட இருக்காது. இருந்தாலும் நான் அங்கிருந்து இங்கே நடந்து வந்து ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சொல்வேன். அது எனக்குப் பெரிய பதவியாகத் தெரிந்தது. சில சமயம் செய்தி மிகவும் சப்பென்று இருந்தால், நானே கொஞ்சம் உப்புப் போடுவேன். "கொழம்பு நல்லாருக்காம்," என்று ஒருமுறை சேர்த்துச் சொன்னபோது, அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நெஜமா சொன்னாரா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சண்டைக்குக் காரணம் சாப்பாட்டு மேசைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குழுவில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. படை முழுவதும் வண்ணம் பூசியிருக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பாயின் தோளிலும் படையின் சின்னம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா தன் படைக்குக் கழுகுச் சின்னம் தேர்ந்தெடுத்து, தண்ணீரில் நனைத்து ஒட்டும் அதன் டெக்கல் தாளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். வியாழக்கிழமைதான் அது தபாலில் வந்தது. உள்ளங்கை அளவு தாள். அதில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக முப்பது கழுகுகள். கூடுதலாக ஒன்றுகூடக் கிடையாது. டாங்கிக்கு மட்டும் வேறு ஏதோ வரைந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து மூன்று சிப்பாய்களுக்குச் சின்னம் வைத்தார். நான் மேசை விளிம்பில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கழுகைத் தாளோடு வெட்டுவார். இடுக்கியால் பிடித்துத் தண்ணீரில் போட்டு, இருபது எண்ணுவார். வெளியே எடுத்துத் தூரிகை நுனியால் தள்ளினால், கழுகு மட்டும் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகத் தாளைவிட்டு வழுக்கிச் சிப்பாயின் தோளுக்குப் போய்விடும். பிறகு ஈரத்தை ஒற்றியெடுப்பார். மூன்றாவதை முடித்தபோது அவருக்குக் கண் எரிந்தது. சனிக்கிழமை காலை ஷிப்ட் இருந்தது. மிச்சம் இருபத்தேழையும் மத்தியானம் வந்து போட்டுவிடலாம் என்று எழுந்துவிட்டார்.

"இத மட்டும் தொட்டுறாத, என்ன?" என்றார். நான் தொடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு அப்பா கிளம்பிப் போனார். அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அப்பா திரும்பி வரும்போது படை தயாராக நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. நோக்கத்தில் எந்தப் பழுதும் கிடையாது. கணக்கில்தான் பிழை. ஒரு கழுகுக்கு இருபது எண்ண வேண்டுமென்றால், இருபத்தேழுக்கு ஐந்நூற்று நாற்பது எண்ண வேண்டும். ஆகவே இருபத்தேழையும் கத்தரித்து, மொத்தமாக ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு எண்ணத் தொடங்கினேன்.

முந்நூறு வாக்கில் கழுகுகள் தாளைவிட்டுக் கிளம்பிவிட்டன. சில மிதந்தன. சில சுருண்டன. சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாலு சிறகும் இரண்டு தலையுமாக ஆயின. எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. ஆனாலும் எண்ணுவதைப் பாதியில் நிறுத்தினால் இன்னும் கெட்டுவிடும் என்று ஐந்நூற்று நாற்பது வரை எண்ணி முடித்தேன். விரலை விட்டு எடுத்தால் கழுகு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. சிப்பாயிடம் போக மறுத்தது. தரையில் விழுந்து தொலைந்துவிடக் கூடாதே என்று, கையில் வந்ததையெல்லாம் என் இடது கைமேல் பத்திரமாக ஒட்டிவைத்தேன். சூயிங்கம்மோடு வரும் ஸ்டிக்கரை அப்படித்தானே ஒட்டுவோம்.

அம்மா காலி வாளியோடு உள்ளே வந்தபோது என் இடது கையில் பதினோரு கழுகுகள் இருந்தன. கிண்ணத்தில் இருந்தவை அவித்த முட்டையின் தோல்போல மிதந்துகொண்டிருந்தன.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். என் கையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"இது உங்கப்பாவோட…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

நான் அழத் தயாராக இருந்தேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. அப்பா முடித்து வைத்திருந்த மூன்று சிப்பாய்களில் ஒருவனை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கழுகைச் சுற்றிச் சோப்புக் கறை மாதிரி மங்கலாக ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது.

"வெள்ள தெரியுது," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது. "இப்படியா விடுவாங்க?"

அரை மணி நேரத்தில் நாங்கள் கொமூட்டர் ரயிலில் இருந்தோம். முப்பது சிப்பாய்களும் டாங்கியும் அப்பாவின் குப்பிகளோடு ஒரு கேக் பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருந்தார்கள். அம்மா பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார ஆன்டி ஒருவர் பெட்டியையும் என்னையும் பார்த்துச் சிரித்து, எனக்குப் பிறந்தநாளா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அந்த ஆன்டி எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். செய்த காரியத்துக்கு மிட்டாயும் கிடைக்கிறதே என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

பார்லரில் பெரியம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொம்மைங்களுக்கா மேனிக்கியூர்?" என்றார்.

"சும்மா இரு அக்கா," என்றார் அம்மா. "அந்த டெக்கல் டப்பாவ எடு."

நகத்துக்கு ஒட்டுவதும் அதே சங்கதிதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதே மாதிரித் தாள், அதே தண்ணீர், அதே வழுக்கல். ஆனால் பெரியம்மாவின் டப்பாவில் கழுகு கிடையாது. ரோஜா இருந்தது, இதயம் இருந்தது, செர்ரிப் பழம் இருந்தது. சிப்பாயின் தோளுக்குச் சரியான அளவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. தாளில் முப்பது இருந்தன.

அதற்கும் ஒரு போட்டி வந்தது. அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்த ஓர் அக்கா, கிண்ணத்தில் கைகளை ஊறவைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அக்கா, எனக்கு அந்தப் பட்டர்ஃபிளையே போடுங்களேன், பத்து வெரலுக்கும்," என்றார்.

பெரியம்மா உடனே தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அம்மா விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மோதிர வெரலுக்கு மட்டும் போடலாம் லா, ரெண்டு கைக்கும். பத்துலயும் போட்டா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்காது, பூச்சிக் கடை மாதிரி இருக்கும்."

அந்த அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எனக்கு உயிர் வந்தது. முப்பதில் இரண்டு போனால் இருபத்தெட்டு. படைக்கு வேண்டியது இருபத்தேழு.

வாடிக்கையாளர்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் அம்மா வேலை செய்தார். அப்பாவின் குப்பிகளில் பளபளக்கும் வார்னிஷ் ஒன்று சீல்கூட உடைக்காமல் கிடந்தது. போர்வீரன் மின்னக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. அம்மா அதைத்தான் முதலில் எடுத்தார். சிப்பாயின் தோளில் ஒரு சொட்டு தடவிக் காயவிட்டு, அதன்மேல் பட்டாம்பூச்சியை வழுக்கிவிட்டு, பஞ்சால் ஒற்றினார். கடைசியில் பளபளப்பு இல்லாத வார்னிஷை மேலே பூசியதும் மினுமினுப்பு அடங்கியது. பட்டாம்பூச்சி ஒட்டியது போலவே தெரியவில்லை. சிப்பாய் பிறந்ததிலிருந்தே தோளில் இருந்ததுபோல இருந்தது. ஒன்று கிழிந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். அதோடு கணக்கு சரியாகப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒன்றுகூடக் கிழியவில்லை.

மூன்று கழுகுகளையும் எடுத்துவிட்டுப் பட்டாம்பூச்சியாக்க முடியாதே, தாள் தீர்ந்துவிட்டதே என்று நான் கேட்டேன். "அது உங்கப்பா போட்டது. இருக்கட்டும்," என்றார் அம்மா.

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி ஆகிவிட்டது. அப்பா சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கிளம்பும் அவசரத்தில் அம்மா மேசையைத் துடைத்து, கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மாதக்கணக்கில் நாங்கள் பார்க்காத மேசையின் மரநிறம் பளிச்சென்று தெரிந்தது. அப்பா சட்டைகூட மாற்றவில்லை. இரண்டு கைகளையும் வெறும் மேசைமேல் வைத்திருந்தார். மூன்றரை மணியிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். போன் எதிரில்தான் கிடந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை.

எங்களைப் பார்த்ததும் என்னிடம் சொன்னார், "அம்மாகிட்ட சொல்லு, படையத் தூக்கிப் போட்டது பரவால்லன்னு. எம்மேலயும் தப்பு இருக்குன்னு சொல்லு."

நான் அம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய், கேக் பெட்டியை அப்பா முன்னால் வைத்தார்.

"தொறந்து பாருங்க," என்றார்.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எனக்கு வேலையே இல்லாமல் போன முதல் வாக்கியம் அது.

அப்பா திறந்தார். ஒரு சிப்பாயை எடுத்தார். பிறகு இன்னொருவனை. பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவனையும் பார்த்தார். அதற்குள் நான் கழுகு, கிண்ணம், ஐந்நூற்று நாற்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு அழுதும் முடித்துவிட்டேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"வெள்ளையே தெரியலயே," என்றார். "எப்படி?"

"நீங்க சொரசொரப்பு மேல ஒட்டுறீங்க. அடியில காத்து நிக்குது. அதான் வெள்ள. மொதல்ல வழவழன்னு ஆக்கிட்டு ஒட்டணும். அந்த பாட்டில் ஒங்ககிட்டயேதான் இருக்கு."

"அது பளபளன்னு இருக்குமேன்னு…"

"மேல இன்னொரு கோட் போட்டா போய்ரும். எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"நீதான் பேசலயே."

"நீங்க கட பாக்க வரலயே."

எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. கிள்ளானில் காலியாக இருந்த ஒரு சின்னக் கடையை, சொந்தமாகப் பார்லர் வைக்கலாமா என்று பார்த்து வர, அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் பகடை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா பூட்டிய கடை முன்னால் ஒரு மணி நேரம் தனியாக நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"மறந்துட்டேன்," என்றார் அப்பா. "நெஜமாவே மறந்துட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கை மேசைமேல் எடுத்துவைத்துத் தன் பக்கம் திருப்பினார். "டாங்கிக்கு ஒண்ணும் இல்லையே. என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

டாங்கியின் கதவில் பெரிய பட்டாம்பூச்சி ஒன்றைத் தூரிகையாலேயே வரைந்தார்கள். அம்மா கோடு போட்டார், அப்பா நிறம் நிரப்பினார். இடது சிறகு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. யாரால் என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை.

மறுநாள் அம்மாவும் எங்களோடு வந்தார். மாடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் மண்டையோடும் கத்தியும் நெருப்புமாகச் சின்னம் வைத்திருந்தார்கள். எங்கள் படையைப் பார்த்ததும் ஒரு மலாய் அண்ணன், "ராமா-ராமா?" என்றார். மலாயில் பட்டாம்பூச்சிக்கு அதுதான் பெயர். ஒரு நிமிடத்தில் அந்த மாடி முழுவதும் நாங்கள் ராமா-ராமா ஆர்மி ஆகிவிட்டோம். அப்பாவின் சீன நண்பர், "பாஸ், இவங்க சண்டை போடுவாங்களா, பூவுல தேன் குடிப்பாங்களா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளக்கம் சொன்னார். இந்தப் படையின் கிரகத்தில் பட்டாம்பூச்சிக்குக் கொடிய விஷமாம். பார்த்தவுடன் எதிரிகள் ஓடிவிடுவார்களாம். கழுகு வைத்திருக்கும் மூன்று பேரும் பழைய போர்களில் மிஞ்சியவர்களாம். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

எதிரிகள் ஓடவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டோம். சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா போன் பண்ணினார். அம்மா விஷயத்தைச் சொன்னதும், "ராமா ராமான்னு சாமி பேரு வெச்சுக்கிட்டு எப்படித் தோப்பீங்க? ஒழுங்கா ஆடச் சொல்லு," என்று அவர் அதட்டியது எனக்கே கேட்டது. ஒழுங்காக ஆடியும் மூன்றாவதிலும் தோற்றோம்.

வண்ணம் பூசியதற்குத் தனியாக ஓட்டெடுப்பு நடந்தது. அவரவருக்குப் பிடித்த படையின் பக்கத்தில் ஒரு பாட்டில் மூடியை வைக்க வேண்டும். எங்கள் பட்டாம்பூச்சிகளுக்கு ஐந்து மூடி விழுந்தது. ஒரு பச்சை டிராகனுக்கு ஆறு. அம்மாவால் தாங்க முடியவில்லை. நேராக டிராகனிடம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அதோட நகத்தப் பாத்தீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். "ஓரத்துல எல்லாம் வழிஞ்சிருக்கு. இதுக்கா மொத பரிசு?"

"மெதுவா பேசு லா, ஆளு பக்கத்துல நிக்கிறாரு."

ஆள் கேட்டுவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. டிராகனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, எப்படிச் சரி பண்றது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா என்பது மட்டும் தமிழில் வந்தது. அம்மா கைப்பையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்தார். இருபது நகம். ஒவ்வொன்றையும் முடிக்கும்வரை அப்பா அந்த டிராகனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து டாங்கியை மடியில் வைத்துக்கொண்டார். இடது சிறகைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, அந்தக் கடையில் கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று போனது. வெளிச்சம் கிழக்கே இருந்து வரும் என்றார் அம்மா. அப்படியானால் விளக்கு நான் போட்டுத் தருகிறேன் என்றார் அப்பா. சுவருக்கு ஆரஞ்சு வேண்டாம், கண்ணைக் குத்தும் என்றார் அம்மா. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது, போனது. "அப்பா, நம்ம திருப்பம் தாண்டிப் போச்சு," என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிள்ளான் பாலமும் பின்னால் போனது. தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியத் தொடங்கின. அப்பா இன்னும் பேசிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று ஆட்டத்திலும் தோற்ற வருத்தத்தில் அவருக்கு வீட்டுக்குப் போகும் வழியே மறந்துவிட்டது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவரை மேற்கொண்டு சங்கடப்படுத்த வேண்டாம் என்று, அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவே இல்லை.